ஏழாம் கட்டத்தில் இரண்டு கோடு

மணி ஒன்று இருபது. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்போடு வந்து ஆளை அழைத்துக்கொண்டு போய்விடுவார். என் அண்ணியோ சுரங்கப்பாதை அலுவலகத்தின் வாசலில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

"'பாதுகாப்பு தொப்பி'ன்னு போட்டிருக்காங்க. நடுவுல 'த்' விட்டுப்போச்சு."

"அண்ணி, உள்ளே ஒருத்தரோட வாழ்க்கையே விட்டுப்போகுது. வாங்க."

"ஓடாதீங்க கொழுந்தனாரே. ஓடுறவங்க கண்ணுக்குப் பிழை தெரியாது."

அண்ணி இருபது வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அச்சகத்தை மூடிய பிறகு மனிதர்கள் சொல்வதில் பிழை தேட ஆரம்பித்தார். வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினோம். நான் அவருக்கு உதவியாளன், முன்னாள் பஸ் கண்டக்டர். பதினெட்டு வருஷம் ஓடுகிற வண்டியில் நின்றே பழகியவன். ஆடாத தரையில் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் எனக்குக் காலெல்லாம் பரபரக்கும். அன்று காலையிலிருந்தே பரபரத்தது.

விஷயம் இதுதான். மலைக்குள் இரண்டு பக்கமிருந்தும் பாதை குடைந்துகொண்டிருந்தார்கள். முந்தின நாள் முற்பகலில் உள்ளே காற்றைத் தள்ளும் காற்றாடி ஒன்று மக்கர் செய்ய, இயந்திரங்கள் விடுகிற வாசனையில்லாத விஷவாயு உள்ளே தேங்கிவிட்டது. அளவு ஐம்பதைத் தாண்டினால் சைரன் ஊத வேண்டும். ஊதவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது துளை போடுகிறவர் மயங்கி விழுந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு கிடக்கிறார். கூண்டில் உட்கார்ந்து சைரனைக் கவனிக்கிற சைரன்காரர்தான் அதை நிறுத்திவைத்துவிட்டார் என்று மேனேஜர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எங்களிடம் வந்தவர் சைரன்காரரின் அக்கா. சைரனை இயக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவரும் அவரே. "என் தம்பி வீட்ல கடிகார அலாரத்தைக்கூட நிறுத்த மாட்டான், அது தானா ஓயட்டும்னு விட்டுடுவான்" என்று சொல்லி அழுதார். சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

காவலாளி அறையில் தம்பியை உட்காரவைத்திருந்தார்கள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். முன்னால் வைத்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

"சைரனை நிறுத்தினீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, மேடம்."

"உங்க அக்காதான் எங்களை அனுப்பினாங்க."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "அக்காவை எதுக்கு இதுல இழுக்குறீங்க? அவங்களை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. நான் பார்த்துக்கறேன்."

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். வாயில் கொழுக்கட்டையா என்றேன். நாலு மணிக்கு ஜீப்பில் ஏறும்போதாவது வாயைத் திறப்பாரா என்றேன்.

"அவர் இல்லைன்னும் சொல்லல, தெரியாதுன்னும் சொல்லல," என்றார் அண்ணி. "சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னார். சொல்றதுக்கு நிறைய வெச்சிருக்கிறவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க."

சைரன் கூண்டு பத்தடி தள்ளி இருந்தது. ஒரு நாற்காலி, அதற்கு மேலே தொங்கும் ஒரு சங்கிலி, ஒரு சின்னத் திரை, சுவரில் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சைரனை நிறுத்துவதற்கான திருகு. கல் தூள் அந்த இடத்தில் எல்லாவற்றின் மேலும் மாவு சலித்த மாதிரி படிந்திருந்தது. நாற்காலி முதுகில், ஜன்னல் கம்பியில், திருகின் மேலும். நான் சுட்டிக்காட்ட விரலை நீட்டினேன்.

"தொட்டீங்கன்னா நாலு மணி ஜீப்ல உங்களுக்கும் இடம் கிடைக்கும்," என்றார் அண்ணி.

விரலை மடக்கிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. திருகின் மேல் தூள் குலையாமல் படிந்திருந்தது. பல நாளாக யாரும் அதைத் தொடவேயில்லை. சைரன் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. விழித்திருந்தும் ஏன் ஊதவில்லை?

மணி இரண்டு ஐந்து.

கட்டுப்பாட்டு அறையை இன்ஸ்பெக்டர் முந்தின நாளே பூட்டிச் சாவியைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்திருந்தார். ஒரு மணி நேரம் உட்கார அனுமதி வாங்கியிருந்தோம். அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரையில் வரிசையாகப் பத்துக் கட்டங்கள். பாதை நெடுக வைத்திருக்கும் பத்துக் கருவிகளும் பத்து விநாடிக்கு ஒருமுறை காற்றை அளந்து ஆளுக்கோர் எண் அனுப்பும். அது அதனதன் கட்டத்தில் வந்து விழும். உள்ளே வேலை நின்றுபோய், காற்றாடிகள் முழு வேகத்தில் சுற்றியதால் எண்கள் சாதுவாக இருந்தன. மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஏழாம் கட்டத்தில் மட்டும் எண் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குட்டிக் கோடு.

அண்ணி மேஜையில் கிடந்த கம்பெனி அறிக்கையை எடுத்துப் படித்தார். "'ஏழாம் கருவி: அளவை மீறிய பதிவு இல்லை.' அளவு மீறவில்லைன்னு எழுதல பாருங்க. மீறினதாப் பதிவு இல்லைன்னு எழுதியிருக்கு. இதை எழுதினவர் கெட்டிக்காரர்."

"அறிக்கையை கம்ப்யூட்டரே எழுதும், மேடம்," என்றார் அக்கா.

"அப்ப கம்ப்யூட்டருக்குத்தான் கெட்டிக்காரத்தனம். இந்தக் கோடு என்ன?"

"அது மாஸ்க். நாங்க மூடின்னு சொல்லுவோம். ஒரு எண் சரியில்லன்னு தோணினா அழிக்க மாட்டோம், அது மேல ஒரு மூடி போட்டுடுவோம். கூட்டினாலும் சராசரி எடுத்தாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிடும். திரையில ரெண்டு கோடு தெரியும்."

"சைரன் எப்படி முடிவு எடுக்கும்?"

"ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, அம்பதைத் தாண்டிருச்சான்னு கேக்கும். ஆமான்னா கட்டம் சிவக்கும். அரை நிமிஷம் சிவப்பாவே நின்னா ஊதும்."

"மூடி போட்ட கட்டத்தைக் கேட்டா?"

அக்கா திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பதில் ஆமான்னும் வராது, இல்லைன்னும் வராது. அந்தப் பதிலும் மூடி போட்டுக்கிட்டுத்தான் வரும். தெரியாதுன்னு வெச்சுக்குங்க."

"தெரியாதுன்னு வந்தா சைரன் என்ன பண்ணும்?"

"அதுக்கு ஆமான்னு வந்தாத்தான் புரியும். தெரியாதுன்னா... இல்லைன்னு எடுத்துக்கும்."

"எங்கம்மா நேர்மாறு," என்றேன் நான். "பொண்ணு வீட்ல 'யோசிச்சுச் சொல்றோம்'னாங்க. அம்மா போய்ப் பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டாங்க."

"அந்தப் பத்திரிகையையும் நான்தான் திருத்தினேன். சும்மா இருங்க," என்றார் அண்ணி, அக்காவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அந்த முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. விரல்கள் விசைப்பலகையின் மேல் அந்தரத்தில் நின்றன.

"மேடம்," என்றார். "நான்தான்."

நான் சட்டென்று கதவோரம் நின்ற கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தேன்.

"நேத்து பதினொண்ணு அஞ்சுக்குக் காலை அறிக்கைக்குப் படம் போட்டேன். மத்த கருவியெல்லாம் பத்து, பன்னெண்டு. ஏழு மட்டும் முப்பத்தஞ்சு. அளவுக்குள்ளதான், தூசி அடைச்சிருக்கும்னு நினைச்சேன். படத்துல ஒரு கம்பம் மட்டும் ஓங்கி நின்னா மேனேஜர் நூறு கேள்வி கேப்பார். அதனால வரிசையில ஒரு துண்டை எடுத்து, அதுல ஏழுக்கு மூடி போட்டேன். எடுத்தது நகல்னு நினைச்சேன், மேடம். நகல் இல்ல. அதே அறைக்கு இன்னொரு ஜன்னல். இந்தப் பக்கம் மூடினா அசலும் மூடிக்கும். எனக்கு இது தெரிஞ்சிருக்கணும். எழுதினவ நானு."

"கோடு போடுறது நீங்கன்னு உங்க தம்பிக்குத் தெரியுமா?"

"கூண்டுத் திரையிலயும் இதே கட்டம்தான் தெரியும். கோடு வந்தா அக்கா போட்டதுன்னு அவனுக்குத் தெரியும்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. தம்பி ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எங்களுக்கும் விளங்கிவிட்டது. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் போய் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். அவனை விட்டுடட்டும். என்னைக் கூட்டிட்டுப் போகட்டும்."

தம்பியை மீட்க எங்களைக் கூப்பிட்டவர், எங்கள் கையாலேயே தனக்கு விலங்கு மாட்டிக்கொள்கிறார். இந்தத் தொழிலை விட்டுவிட்டு மறுபடியும் டிக்கெட் கிழிக்கப் போய்விடலாமா என்று அந்த நிமிடம் தோன்றியது. அண்ணி மட்டும் அசையவில்லை. தலையைச் சாய்த்து ஏழாம் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. எனக்கு ஒரு சந்தேகம். அச்சுத்தாள்ல ஒரு சொல்லைக் கோடு போட்டு அடிக்கிறேன். அதே இடத்துல ஒருத்தர் புதுசா ஒரு சொல்லை ஒட்டிட்டுப் போறார். என் கோடு என்ன ஆகும்?"

"அது... அடியில போயிடும்."

"இங்க பத்து விநாடிக்கு ஒருத்தர் புது எண்ணை ஒட்டிட்டே இருக்கார். நீங்க மூடி போட்டு இருபத்தேழு மணி நேரம் ஆச்சு. அது எப்படி இன்னும் நிக்குது?"

"மூடி போட்டாப் போட்டதுதான்னு..." என்று இழுத்தார் அக்கா.

"உங்களுக்கு அது தெரியுமா, நினைக்கிறீங்களா? மூணாம் கட்டத்துக்கு ஒரு மூடி போடுங்க. நேத்து போட்ட மாதிரியே."

அக்கா தட்டினார். மூன்றாம் கட்டத்தில் இருந்த நான்கு மறைந்து இரண்டு கோடு வந்தது. நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. கான்ஸ்டபிள்கூட எட்டிப் பார்த்தார். எட்டு என்னும்போது கோடு இரண்டும் காணாமல் போயின. அந்த இடத்தில் ஐந்து என்று ஓர் எண் வந்து உட்கார்ந்தது.

"திறந்துக்கிச்சு," என்றார் அக்கா. "புது எண் வந்து விழுந்தா மூடி தானாவே திறந்துக்குது."

"பால் பொங்கினா தட்டு நகர்ந்துக்கிற மாதிரி," என்றேன்.

"உங்க மூடி நேத்து பத்து விநாடிகூட நின்னிருக்காது, அம்மா," என்றார் அண்ணி. "இதோ இன்னமும் நிக்குதே, இது உங்க மூடி இல்ல. இது மேல யாரோ ஆணி அடிச்சிருக்காங்க. அப்படி அடிக்க வழி இருக்கா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருக்கு. ஒரே ஒரு வரி. கெட்டி மூடின்னு சொல்லுவோம். அதைப் போட்டா புது எண் உள்ளேயே போகாது. கருவியைத் தண்ணி அடிச்சுக் கழுவும்போது எண் தாறுமாறா ஏறும், சைரன் கத்தும். அந்த நேரத்துல போடுறதுக்குன்னு மேனேஜருக்குத்தான் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தேன். போன மாசம். வேற யாருக்கும் தெரியாது. ஆனா மேடம், இந்த கம்ப்யூட்டருக்கு எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். அவர்தான் போட்டார்னு எப்படிச் சொல்றது? நான் போடலைன்னுதான் எப்படிச் சொல்றது?"

நியாயமான கேள்வி. மணி மூன்று ஆகியிருந்தது. நான் அறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்துகொண்டிருந்தேன்.

"கெட்டி மூடிக்குள்ள புது எண் போகாதுன்னா, உள்ளே இப்ப என்ன இருக்கும்?" என்றார் அண்ணி.

"மூடின நேரத்துல என்ன இருந்துச்சோ அதுவே இருக்கும். நாங்க எதையும் அழிக்கிறதில்லையே. மறைக்கிறதுதான்."

"மூடியைத் திறக்காம அடியில எட்டிப் பார்க்க முடியுமா?"

"முடியும்."

"பாருங்க."

அக்கா ஒரு வரி தட்டினார். பத்து எண்களும் மூடி இல்லாமல் கீழே வந்து விழுந்தன. மூன்று, நான்கு, ஐந்து, இரண்டு, நான்கு, மூன்று. பிறகு தொண்ணூற்றிரண்டு. பிறகு மறுபடியும் இரண்டு, மூன்று, மூன்று.

காலியான சுரங்கத்தின் சாதுவான எண்களுக்கு நடுவில் நேற்றைய விஷம் அப்படியே உறைந்து கிடந்தது. மூடியவர் கட்டம் சிவந்ததைப் பார்த்துவிட்டே மூடியிருக்கிறார். சைரனுக்கு இருந்த அரை நிமிடத்துக்குள் முந்திக்கொண்டிருக்கிறார்.

"கொழுந்தனாரே, மேனேஜரைக் கூப்பிடுங்க. இன்ஸ்பெக்டருக்கும் போன் போட்டு நாலு மணியை மூணரை ஆக்கச் சொல்லுங்க." அண்ணி எழுந்து திரையை அணைத்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து கதவோரம் நின்றுகொண்டார். மேனேஜர் சலவை மடிப்புக் கலையாத சட்டையில், தூள் படாத தொப்பியோடு வந்தார். அக்காவைப் பார்த்து, "தம்பிக்கு நல்ல வக்கீலா வெச்சுக் குடும்மா. என்னால முடிஞ்ச உதவி செய்றேன்" என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், அது முன்னால் வந்துவிடக் கூடாது என்பதற்காக.

"ஒரு சின்ன விஷயம், சார்," என்றார் அண்ணி. "ஏழாம் கருவியோட மூடிக்கு அடியில பார்த்துட்டோம். நேத்து எண் அப்படியே இருக்கு. நானூத்தி இருபது."

மேனேஜரின் புருவம் ஏறியது.

"யாரோ நானூத்தி இருபதைப் பார்த்துட்டு மூடி போட்டு, ஆளுங்களை உள்ளே வேலை செய்ய விட்டிருக்காங்க. அது கவனக்குறைவு இல்ல, கொலை முயற்சி. இன்ஸ்பெக்டர் வேற மாதிரிதான் எழுதணும்."

"நானூறா?" என்றார் மேனேஜர். "யார் சொன்னது? தப்பு. நூறுகூடத் தாண்டல. அந்த அளவுல அரை மணி நேரம் வேலை செஞ்சா யாருக்கும்..."

அவரே நிறுத்திக்கொண்டார்.

"மத்தக் கருவியை வெச்சு ஒரு கணக்கா சொன்னேன்," என்றார்.

"மத்த எதுவும் நேத்து இருபதைத் தாண்டல. ஏழாம் கட்டத்துல எல்லாரும் பார்த்தது ரெண்டு கோடு." அண்ணி திரையை உயிர்ப்பித்து அவர் பக்கம் திருப்பினார். "தொண்ணூத்திரெண்டு. நூறுகூடத் தாண்டல, நீங்க சொன்னது சரி. நேத்திலேருந்து இந்த எண் ரெண்டே இடத்துலதான் இருந்துச்சு. மூடிக்கு அடியில ஒண்ணு. அதைப் பார்த்துட்டு மூடினவர் தலைக்குள்ள ஒண்ணு."

மேனேஜர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருடைய நெற்றியில் தொப்பியின் தழும்பு சிவப்பாக இருந்தது. "ஆறடிதான் பாக்கி," என்றார் இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "ரெண்டு பக்கமும் சேர்ந்துடும். பன்னெண்டு மணிக்கு அதைப் பார்க்கப் பெரிய மனுஷங்க எல்லாம் வெளிய வந்து உக்காந்திருந்தாங்க. தொண்ணூறுல ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைச்சேன். அப்புறம் ஏறும்னு..."

"ஏறினது உங்களுக்கே தெரியலையே," என்றார் அண்ணி. "தெரிஞ்சுக்கிற வழியைத்தான் நீங்க மூடிட்டீங்களே."

இன்ஸ்பெக்டர் அவரை வெளியே அழைத்துப் போனார். நான் ஒரு விசில் அடிக்கலாம் என்று உதட்டைக் குவித்தேன். அண்ணி பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

அக்கா காவலாளி அறைக்கு ஓட்டமாக ஓடினார். நாங்கள் பின்னால் போனோம். உள்ளே போனதும் தம்பியின் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "நீ பண்ணலடா. நீ பண்ணல, நானும் பண்ணல. மேனேஜர்டா" என்றார். அழுகையும் சிரிப்புமாக மூச்சு முட்ட எல்லாவற்றையும் சொன்னார். தொண்ணூற்றிரண்டை இரண்டு தடவை சொன்னார்.

தம்பி கேட்டு முடித்தார். பிறகு அக்காவின் கையை மெதுவாக விலக்கினார்.

"முதல்ல ஒரு தடவை கோடு வந்து உடனே போயிடுச்சு, அக்கா. அது நீ போட்டது போல. அப்புறம் கட்டம் சிவந்துச்சு. சிவந்ததை நான் பார்த்தேன். ஊதப்போகுதுன்னு காதைக்கூடப் பொத்திக்கிட்டேன். ஆனா மறுபடியும் கோடு வந்துடுச்சு."

அக்காவின் சிரிப்பு நின்றது.

"நாப்பது நிமிஷம் அந்தக் கோட்டையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். கையால இழுக்குற சங்கிலி என் தலைக்கு மேலதான் தொங்குது. இழுத்தா, சைரனே ஊதல, நீ ஏன் ஊதினேன்னு கேப்பாங்க. கோடு யார் போட்டதுன்னு கேப்பாங்க. அக்கா ஏதோ தப்பா எழுதிட்டா, அவளே கவனிச்சுச் சரி பண்ணிடுவான்னு நினைச்சேன். உன்னைக் காட்டிக் குடுக்க வேண்டாம்னு நினைச்சேன்." அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கோட்டை நீ போடவே இல்லையே, அக்கா."

எப்போதும் எதையாவது சொல்லித் தொலைக்கிற எனக்கே பாவம் என்று சொல்வதா, பாவி என்று சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டுமே பொருந்தித்தான் இருந்தன.

இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "உங்க மேல புகார் இல்ல, தம்பி. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

சைரன்காரர் எழவில்லை. நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு வாக்குமூலம் இருக்கு, சார். எழுதிக்குங்க."

"என்னன்னு எழுத?"

"நான் பார்த்தேன்னு எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அக்கா தம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.